கஜனின் ஹெல்மெற் என் அலுமாரியில் இருந்த வாரம்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் சோஃபி என்ற டெனிஷ் பெண் போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். கல்லூரிக்குப் புது ஹெல்மெற்றுகள் வந்திருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கருவி. விளையாடுகிறவனின் தலையில் பலமாக அடி விழுந்தால், மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் கையிலுள்ள திரையில் சிவப்பு வெளிச்சம் எரியும்.

"இதெல்லாம் இல்லாத காலத்தில் நீ எப்படிக் கண்டுபிடித்தாய், ராணி?" என்று கேட்டாள்.

அவள் யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று இருவருக்கும் தெரியும். கல்லூரியில் அந்தக் கதை இன்னும் உலாவுகிறது. ஆனால் உலாவுகிற கதையில் நான் நடந்ததைவிடக் கெட்டிக்காரியாக இருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் முழுப்பெயர் யோகராணி. யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடு டென்மார்க் வந்து, இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தையல் ஆலையில் பல வருடம் வேலை செய்தேன். ரீசேட் சட்டைகளுக்குக் கை பொருத்துவது என் வேலை. இடது கை, வலது கை, இடது கை, வலது கை. பிறகு ஆலை வேலையெல்லாம் வேறு நாடுகளுக்குப் போய்விட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் என்னைப் பக்கத்து ஊரில் இருந்த ஒரு விளையாட்டுக் கல்லூரிக்கு உடுப்புத் தோய்க்க அனுப்பியது. மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்லூரி. கைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பல பிரிவுகள் இருந்தன. அவற்றோடு ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் அணியும் இருந்தது. அந்த அணியின் பொருள் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் நாரிநோவால், குனிய முடியாமல், வேலையை விட்டு நின்றுவிட்டார். "யாருக்குத் தைக்கத் தெரியும்?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். மூன்று மாதம் அவருடைய குறிப்புகளை வைத்துப் படித்தேன். ஹெல்மெற் விற்கிற நிறுவனத்தில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அதுதான் என் வேலை.

நாங்கள் அறிந்த காற்பந்து வேறு, இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணி ஓடுகிறவனை மோதி விழுத்தும். விழாமல் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. என் கணவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பந்தை விட்டிட்டு ஏன் ஆளை ஆள் விழுத்துறாங்கள்?" என்று கேட்டார். முதல் வருடம் முழுவதும் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஹெல்மெற் போட்டுவிடுவதை நான் சரியாகக் கற்றுக்கொண்டேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளக்க வேண்டும். அளக்கும் முன் தலைமயிரை நனைக்க வேண்டும். ஏனென்றால் விளையாடும்போது அது வியர்வையில் நனைந்து படிந்துதான் இருக்கும். ஹெல்மெற்றின் முன் விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கன்னப் பஞ்சுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்த வேண்டும். உள்ளே காற்றுப் பைகள் இருக்கும்; சின்னப் பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி நிரப்புவேன். மோவாய்க்குக் கீழே நாடியைப் பிடிக்கிற பட்டிக்கு நான்கு பொத்தான். கடைசியில் முகக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். ஹெல்மெற்றோடு சேர்ந்து நெற்றித் தோலும் அசைந்தால் சரி. தோல் அப்படியே நிற்க ஹெல்மெற் மட்டும் திரும்பினால் அது அவனுடைய தலைக்கு உரியதல்ல. நாற்பத்தைந்து பேர் தலையையும் இப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முதல் நாள் ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்ப்பேன். இரத்தம் பட்ட ஜேர்சியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பேன். பக்கங்களைப் பிடித்துத் தைத்து இறுக்குவேன், எதிராளியின் கைக்குத் துணி அகப்படாதபடி.

தலைமைப் பயிற்சியாளர் பென்ட். உயரமான, வழுக்கைத் தலை மனிதர். இளம் வயதில் அமெரிக்காவில் சில வருடம் இருந்து இந்த விளையாட்டைக் கற்றவர். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். கறுப்புப் பாண் துண்டைக் கடித்தபடி ஜன்னலால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் அறைக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். ஆனாலும் அவர் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். டெனிஷில் பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லோரும் நீதான். பென்ட்டை நீ என்று சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுவரை பெயரும் சொல்லாமல் நீயும் சொல்லாமல் சுற்றிவளைத்துக் கதைத்துச் சமாளித்தேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். யாராவது வந்து முறையிட்டால், என்ன நினைக்கிறாய் என்று கேட்கமாட்டார். "என்ன பார்த்தாய்?" என்றுதான் கேட்பார். பார்த்ததை மட்டும் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். நடுவில் நாங்கள் நினைத்ததைச் சேர்த்தால், கையை மெல்ல உயர்த்தி நிறுத்துவார்.

நான் சொல்லப்போகும் பருவத்தில் எங்கள் அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. அதன் பிறகு தோற்கவேயில்லை. அதற்குக் காரணம் கஜன் என்று எல்லோரும் சொன்னார்கள். கோல்டிங்கில் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. இருபது வயது. மெலிந்த உடம்பு. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. "சாப்பிட்டியோ தம்பி?" என்று நான் தமிழில் கேட்பேன். அவன் டெனிஷில் பதில் சொல்வான். மற்றவர்களுக்கு முன்னால் தமிழ் கதைக்க வெட்கமாக்கும் என்று விட்டுவிட்டேன். தகப்பன் கோல்டிங்கில் ஒரு தொழிற்சாலையில் மாறுநேர வேலை. ஓய்வு நாளில் ஆட்டம் வந்தால் தாயையும் கூட்டிக்கொண்டு வந்து, மழையிலும் குடை பிடித்தபடி நிற்பார்.

அரையிறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில் நடந்தது. கஜன் கடைசி நேரத்தில் கோட்டைத் தாண்டினான். தாண்டிய இடத்தில் இரண்டு பேர் அவன் மேல் விழ, தலையின் பின்பக்கம் நிலத்தில் அடித்தது. எழும்பி வந்தான். மருத்துவ உதவிக்கு நின்ற பெண் அவனை இருத்தி, இது எந்த ஊர், எந்த அணியோடு விளையாடுகிறாய், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். விளையாடலாம் என்று அவள் தாளில் கையெழுத்து வைத்தாள். நாங்கள் வென்றோம். அந்தக் கல்லூரி அதற்கு முன் இறுதி ஆட்டத்துக்குப் போனதேயில்லை.

ஆட்டம் முடிந்தால் எல்லோரும் வரிசையில் வந்து பொருட்களை என்னிடம் தருவார்கள். கஜனும் தந்தான். நான் பதிந்துகொண்டேன். இருபது நிமிடம் கழித்து வெறும் கையோடு வந்து நின்றான்.

"என் ஹெல்மெற்றை எங்கே வைக்கட்டும்?" என்று டெனிஷில் கேட்டான்.

"தந்திட்டாய் தானே தம்பி."

சிரித்துவிட்டுப் போனான். நான் தோள் பஞ்சுகளைத் துடைத்து முடிக்கும் முன் மறுபடி வந்தான். அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டான். நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, முதல் தடவையாக என்னோடு தமிழில் கதைத்தான்.

"அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"தலை இடிக்குதோ?"

"கொஞ்சம்தான். நித்திரை கொண்டால் சரி. சனிக்கிழமை ஃபைனல். அமெரிக்கக் கொலிஜ் ஒண்டில இருந்து ஆள் வருது, என்னைப் பாக்கிறதுக்கு எண்டே வருது. பென்ட்டுக்குத் தெரிஞ்சா விடமாட்டார். பிளீஸ் அன்ரி."

அவன் அமெரிக்கா போக வேண்டும் என்று தாய் கோயிலில் வைத்த நேர்த்தி எனக்குத் தெரியும். தகப்பன் குடையோடு நின்றதும் கண்ணுக்குள் வந்தது. அதைவிட, அந்தத் தமிழ் என்னை அசைத்தது. இவ்வளவு நாள் எனக்குத் தராத ஒன்றை அன்றைக்குத் தந்துவிட்டு அவன் கேட்கிறான். நான் தலையை ஆட்டினேன். "ஒரு நாள் பாப்பம்," என்றேன்.

திங்கட்கிழமை பயிற்சி இல்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தான். நான்தான் ஹெல்மெற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நன்றாக இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மோதிப் பழகும் பயிற்சி. ஓரத்தில் நின்று பார்த்தேன். அவன் விழுந்தான், எழும்பினான், விழுந்தான். நடுவில் பட்டி கழன்றுவிட்டது என்று என்னிடம் ஓடி வந்தான். கழன்ற பொத்தானைத் தானே பூட்டப் பார்த்தான். இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு பூட்டியவன், விரலை நாடியின் கீழே அங்கும் இங்கும் தடவிக்கொண்டு நின்றான். பொத்தான் அகப்படவில்லை. நான் பூட்டிவிட்டேன். பூட்டிவிட்டு அவனை மறுபடி உள்ளே போகவிட்டேன்.

சோஃபிக்குத் தெரியாத இடம் இதுதான். என்னிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை, ஆனால் சிவப்பு வெளிச்சம் ஞாயிற்றுக்கிழமையே எரிந்துவிட்டது. நான் செவ்வாய்க்கிழமையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை காலை பென்ட்டின் அறைக்குப் போனேன். பாணைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

"கஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும்," என்றேன்.

"என்ன பார்த்தாய்?"

ஹெல்மெற்றைத் தந்துவிட்டு இரண்டு தடவை வந்து கேட்டதைச் சொன்னேன். பொத்தான் அகப்படாததைச் சொன்னேன். நான் நினைத்தது எதையும் சேர்க்கவில்லை. அவர் பாணைத் தட்டில் வைத்தார்.

"வந்து கேட்டது எப்போது?"

"ஞாயிற்றுக்கிழமை."

சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நேற்று அவன் மோதல் பயிற்சி செய்தான்."

"ஓம். ஹெல்மெற்றை நான்தான் கொடுத்தேன்," என்றேன். டெனிஷில் கதைத்துக்கொண்டிருந்தவள், 'ஓம்' என்று தமிழில் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"இப்போது அந்த ஹெல்மெற் எங்கே?"

"என் அலுமாரியில்."

"பூட்டிவை. சாவி உன்னிடமே இருக்கட்டும். சனிக்கிழமை நான் வந்து கேட்டாலும் தராதே."

அன்று மதியமே கஜனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மூளை அதிர்ச்சி என்றார் வைத்தியர். விளையாட்டு, படிப்பு, தொலைபேசித் திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தன் பொருட்களை எடுக்க அவன் என் அறைக்கு வந்தான். "சொல்லமாட்டேன் என்று வார்த்தை தந்தாயே," என்று டெனிஷில் சொன்னான். மறுபடி டெனிஷுக்குப் போய்விட்டான். அலுமாரிக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்து, துவாயை எடுத்துத் தலையை மூடிக்கொண்டான். வெளிச்சம் அவன் கண்ணைக் குத்துகிறது என்று விளங்கியது. நான் எழும்பி விளக்கை அணைத்தேன். தகப்பன் வரும்வரை இருவரும் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

தகப்பன் வேலை உடுப்போடு வந்திருந்தார். மகனைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, உங்களை எங்கட ஆள் எண்டு நினைச்சன்," என்றார். "நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதோ? அவன் நடக்கிறான், கதைக்கிறான். சனிக்கிழமை முடிய டொக்டரிட்டக் காட்டியிருக்கலாம் தானே."

"அண்ணை, நான் ஏற்கெனவே ரெண்டு நாள் பொறுத்திட்டன்," என்றேன். "அதுவே பிழை."

அவர் என்னை விளங்காதவர் போலப் பார்த்தார். பிறகு காருக்குத் திரும்பிப் போனார்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். அமெரிக்காவிலிருந்து வந்த மனிதர் கழுத்தில் அடையாள அட்டையோடு முன்வரிசையில் இருந்தார். அரைவாசி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் புள்ளியில் பின்னால் நின்றோம். கஜனின் இடத்தில் ஓடியவன் நல்ல பிள்ளை. பாவம், ஒவ்வொரு தடவையும் மூன்றாவது அடியில் விழுத்தப்பட்டான். நான் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் தாலியோடு கோத்து, சட்டைக்குள் போட்டிருந்தேன். கடைசிப் பகுதியில் ஒரு தடவை பென்ட் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். கஜன் அவருக்குப் பின்னால் வாங்கில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தான். பென்ட் என்னைப் பார்த்தபடியே வாயை மூடிக்கொண்டு, மறுபடி மைதானத்தின் பக்கம் திரும்பினார். மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

அதன் பிறகு கஜன் கல்லூரிக்கு வரவில்லை. ஐந்தாறு மாதம் அறை ஜன்னல்களை மூடிவைத்து, தாய்தான் பார்த்தாளாம். ஒரு பக்கம் வாசித்தால் குமட்டிச் சத்தி வருமாம். அமெரிக்கக் கதை அதோடு முடிந்தது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சி இல்லாவிட்டால் அந்த ஐந்தாறு மாதம் ஒன்றிரண்டு மாதமாக இருந்திருக்குமோ? அதற்கு ஒரு வைத்தியரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. பென்ட்டிடம் ஒருநாள் கேட்டேன். "தெரியாது," என்றார். "நானும் அன்றைக்கு மைதானத்தில்தான் நின்றேன், ராணி. நானும் பார்க்கவில்லை." அதற்குப் பிறகு கல்லூரியில் ஒரு விதி வந்தது. யாருக்குத் தலையில் அடி பட்டாலும் அவனுடைய ஹெல்மெற் உடனே என் அலுமாரிக்குப் போகும். வைத்தியரின் தாள் வந்தால்தான் வெளியே வரும். பென்ட் அதை ஒரு தடவைதான் சொன்னார். ஓய்வு பெறும் நாள் வரை நான் அதை மீறவில்லை.

போன கோடையில் கோல்டிங்கில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தடித்த, தாடி வைத்த ஒருவர் கையில் தட்டோடு வந்து நின்றார். "அன்ரி, என்னைத் தெரியுதோ?" என்று தமிழில் கேட்டார். கஜன். இப்போது மின்வேலை செய்கிறானாம். மனைவியையும் மகளையும் காட்டினான். நன்றாகத் தமிழ் கதைத்தான். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளாம்.

நான் இத்தனை வருடம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "தம்பி, உனக்குத் தலையாட்டிப்போட்டுப் பிறகு போய்ச் சொன்னனான். உனக்குக் கோவம் இருக்கும்."

"எதுக்கு அன்ரி தலையாட்டினனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு கேட்டாய் தானே. என்ர அறையில."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "எனக்கு அது ஞாபகத்தில இல்லை அன்ரி. அந்த மட்ச்சும் இல்லை, அடுத்த நாலைஞ்சு நாளும் இல்லை. இருட்டில ஆரோ பக்கத்தில இருந்தது மட்டும் ஞாபகம். வீட்டில ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. பென்ட்தான் கண்டுபிடிச்சவர் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

அவன் மறந்துபோன வார்த்தைக்காக நான் இவ்வளவு நாள் வருந்தியிருக்கிறேன். அந்த இடத்தில் நான் பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். ஹெல்மெற்றை நான் கொடுத்ததை, பொத்தானைப் பூட்டிவிட்டதை, மறுபடி உள்ளே விட்டதை. அவன் தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டான்.

"நான் கேட்டபடியாத்தானே விட்டனீங்கள்," என்றான் கடைசியில்.

"நான் பெரிய ஆள். நீ கேட்டாலும் நான் விட்டிருக்கக் கூடாது."

"ஓம்," என்றான். மறுத்துச் சமாதானம் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. பிறகு, "அன்ரி, நீங்கள் அண்டைக்குக் கோட்டுக்குப் பக்கத்தில தானே நிண்டனீங்கள்?" என்று கேட்டான். "அந்தக் கடைசி ஓட்டம். வீடியோ பாத்தனான். அது மேல இருந்து எடுத்தது. ஆரோ ஒருத்தன் ஓடுறான், அவ்வளவுதான். எல்லாரும் என்ர வாழ்க்கையில அதுதான் நல்ல ஓட்டம் எண்டு சொல்லுவினம். எனக்கு அது இல்லை. நீங்கள் பாத்ததைச் சொல்லுங்கோ."

"எனக்கு உந்த விளையாட்டு இண்டைக்கும் வடிவா விளங்காது தம்பி."

"பாத்ததை மட்டும் சொல்லுங்கோ."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான்.

"மழை விட்டு வெயில் அடிச்ச நேரம்," என்று தொடங்கினேன். "நீ நடுவால போகப் பாத்தாய். அங்க வழியில்லை. சட்டெண்டு திரும்பி என்ர பக்கமா வந்தனீ. ஒருத்தன் காலைப் பிடிச்சான். விழப்போய், ஒரு கையை நிலத்தில ஊண்டி எழும்பினாய். என்னைத் தாண்டி ஓடேக்க உன்ர மூச்சு எனக்குக் கேட்டது. நானும் தண்ணிப் போத்தல் கூடையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியால உன்னோட ஓடினன்."

"நீங்களோ?"

"ஓம். போத்தல் எல்லாம் கொட்டுண்டு போச்சு."

அவன் தட்டைக் கீழே வைத்தான். "நான் என்ன மாதிரி இருந்தனான்?"

"முகக் கம்பிக்குள்ளால பாத்தன். நீ சிரிச்சுக்கொண்டு ஓடினாய். பின்னால மூண்டு பேர் துரத்தி வாறாங்கள், நீ சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிறாய்."

மகள் வந்து அவன் மடியில் ஏறினாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அன்ரி," என்றான். "மழை விட்டதில இருந்து."